ஸ்பீக்கர் வரத் தாமதமா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் அடுத்து மனம் நாடுவது நல்ல ஸ்பீக்கரைத்தான். பொட்டிப்புரத்திலிருந்து ஆன்லைனில் விலை உயர்ந்த ஒரு ஜோடிக்கு ஆர்டர் கொடுத்து, முழுப் பணத்தையும் கட்டினேன். மூன்று வாரம் என்றார்கள். மூன்று மாதம் கடந்தும் வரவில்லை.

ஏன் இந்தத் தாமதம்? இவ்வகை ஸ்பீக்கர்கள் பல, ஆர்டர் வந்த பிறகே தயாராகின்றன. பிறகு கப்பல், சுங்கம், லாரி பார்சல் என்று நாள் ஓடும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் ஆறு நாள் சிக்கியதில், நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்து நின்றன.

எனவே பணம் கட்டும் முன், "இந்தியாவில் ஸ்டாக் உள்ளதா?" என்று கேளுங்கள். முடிந்தவரை முன்பணம் மட்டும் கொடுங்கள். டெலிவரி தேதியையும், தேதி தவறினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் இமெயிலில் எழுதி வாங்குங்கள்.

காத்திருக்கும் நாட்களில் ஸ்பீக்கர் எந்த வகை என்று பாருங்கள். பேசிவ் வகை என்றால் கம்ப்யூட்டரின் பச்சை நிற சாக்கெட்டில் நேரடியாக இணைத்துப் பயனில்லை, ஆம்ப்ளிபையர் வேண்டும். அதை அப்போதே வாங்கி வைத்தேன்.

இன்னும் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை வெளியூரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இதைக் குறிப்பிட்டு இமெயில் அனுப்பினேன். பத்தாம் நாள் பார்சல் தேனிக்கு வந்துவிட்டது!