உங்களுக்குத் தெரியுமா? பெயர் மாறினாலும் எண் மாறாது!

● கப்பல் கைமாறும்போது பெயர் மாறும், கொடி மாறும், பெயிண்டும் மாறும். ஐ.எம்.ஓ. எண் மட்டும் மாறாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987-ல் கொண்டுவந்த ஏழு இலக்க எண் இது. 1996 ஜனவரி 1 முதல் பெரிய சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்கும் கட்டாயமானது. கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்ற பிறகும், அந்த எண்ணை இன்னொரு கப்பலுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

● அந்த எண் சரிதானா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு நின்ற ‘எவர் கிவன்’ கப்பலின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 63+48+5+4+0+0=120. விடையின் கடைசி இலக்கம்தான் எண்ணின் ஏழாவது இலக்கம். இங்கே இரண்டும் 0. மனம்போன போக்கில் எழுதிய போலி எண் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும்.

● அதே எவர் கிவனின் உரிமையாளர் ஜப்பான் நிறுவனம். வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவானின் எவர்கிரீன். பராமரிப்பும் பணியாளர் பொறுப்பும் ஒரு ஜெர்மன் நிறுவனத்திடம். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். கொடியோ பனாமாவுடையது! நடுக்கடலில் ஒரு கப்பலுக்குப் பொருந்துவது அது ஏற்றியிருக்கும் கொடியின் நாட்டுச் சட்டம். குறைந்த வரி, எளிய விதிகள் என்று பார்த்துக் கொடியைத் தேர்ந்தெடுக்கும் முதலாளிகள் ஏராளம். சம்பளம் கேட்டு நியாயம் தேடும் மாலுமிக்குத்தான் எந்த நாட்டின் கதவைத் தட்டுவது என்பதே பெரும்பாடு.

● கடற்கரையே இல்லாத மங்கோலியாவிலும் கப்பலைப் பதிவு செய்யலாம். லைபீரியாவின் கப்பல் பதிவேட்டை நிர்வகிக்கும் அலுவலகம் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில்.

● நிலையான எண் ஏன் தேவை என்பதற்கு ‘சேலம்’ என்ற எண்ணெய்க் கப்பல் ஒன்றே போதும். (நம் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1979 டிசம்பரில் குவைத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு லட்சம் டன் கச்சா எண்ணெயோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பியது. வழியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ‘லெமா’ என்ற பெயரில் போய் நின்றது. நிறவெறி அரசுக்கு எண்ணெய் விற்கத் தடை இருந்த காலம் அது. பெரும்பகுதி எண்ணெயை அங்கே இறக்கிவிட்டு, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வெளியேறியது. 1980 ஜனவரி 17 அன்று செனகல் கரைக்கு அப்பால், வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அவ்வழியே வந்த ‘பிரிட்டிஷ் டிரைடன்ட்’ கப்பல் மாலுமிகளைக் காப்பாற்றியது. கப்பல் திடீரென்று மூழ்கியதாகச் சொன்னவர்கள், பெட்டிகளைப் பக்குவமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள்! ஐ.எம்.ஓ. எண் வந்ததன் நோக்கங்களில் ஒன்று, இப்படிப்பட்ட கடல் மோசடிகளைத் தடுப்பது.

● இன்று அந்த எண்ணைப் பெயிண்டால் மட்டும் எழுதினால் போதாது. இரும்பிலேயே புடைப்பாகவோ வெட்டியோ பொறிக்க வேண்டும். வெளியே குறைந்தது 20 செ.மீ. உயரம், உள்ளே என்ஜின் அறையின் குறுக்குச் சுவர் போன்ற இடத்தில் 10 செ.மீ. துறைமுகத்தில் பழைய கப்பல்களின் பின்பக்கத்தை உற்றுப் பாருங்கள். புதுப் பெயருக்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் தடம் சிலவற்றில் தெரியும்.

● செல்போனில் கப்பல்கள் நகர்வதைப் பார்க்கிறோமே, அது ஏ.ஐ.எஸ். என்ற ரேடியோ கருவியின் வேலை. ஓடும் கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை தன் இடம், வேகம், திசையைச் சொல்லிக்கொண்டே போகும். நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. கூடவே ஒன்பது இலக்க ரேடியோ அடையாள எண்ணும் வரும். இந்தியக் கப்பலானால் தொடக்கம் 419, இலங்கைக் கப்பலானால் 417. கொடி மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். மோதலைத் தவிர்க்கத்தான் இந்தக் கருவி. இது இருப்பதால் இருட்டில் எதிரே வருவது யார் என்று தெரிந்து, பெயர் சொல்லியே ரேடியோவில் கூப்பிட முடிகிறது. ஆனால், தடையை மீறி எண்ணெய் கடத்தும் கப்பல்கள் இதை அணைத்துவிடுகின்றன, அல்லது பொய்யான இடத்தை ஒலிபரப்புகின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓடும் கப்பல்களின் மாலுமிகளுக்கும் அதனால் உயிராபத்து.

● கப்பல் வேலைக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு ஐ.எம்.ஓ. எண் பெரிதும் உதவும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஏஜென்ட்டிடம் கப்பலின் பெயரோடு ஐ.எம்.ஓ. எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ‘எக்வாசிஸ்’ இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் போட்டால், கப்பலின் வயது, கொடி, உரிமையாளர், துறைமுகச் சோதனைகளில் எத்தனை முறை தடுத்து நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் தெரியும். மாலுமிகளைக் கைவிட்ட கப்பல்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதிலும் ஒருமுறை தேடிவிடுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்.