சாப்பாட்டில் ஒரு பங்கு அதிகம்

வீட்டில் நாலு பேர் இருக்க, ஐந்து பேருக்குச் சமைத்து, அந்த ஐந்தாவது பங்கை ஒருவரும் தொடாமல் கட்டி அனுப்பினார்கள் என்றால், ஏதோ நேர்த்திக் கடன் போலும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். நேர்த்திக் கடனல்ல; பயம். 2011-ம் வருஷம் மார்ச்சு மாதம் பூகம்பத்தால் கடல் பொங்கி, ஜப்பான் தேசத்துப் புக்குஷிமாவில் அணு மின்சார நிலையம் சீர்குலைந்த பிறகு நடந்த சங்கதி இது.

அரிசியும் கீரையும் கண்ணுக்கு முன்போலவேதான் இருந்தன. சீஸியத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குழந்தைக்கென்று எடுத்த கவளத்தை ஊட்டுவதா, வேண்டாமா? சர்க்காரின் அபய வார்த்தைகளால் தாய்மார்களின் மனம் சமாதானமடையவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பின், கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் கண்டதை உலகம் அறியும்.

ஆகவே அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கம் ஒரு காரியம் செய்தது. நூறு குடும்பங்கள், இரண்டு நாள் உண்ட ஆறு வேளைச் சாப்பாட்டிலும், இடையில் கொறித்த தின்பண்டத்திலும், குடித்த பானத்திலுங்கூட ஒருவர் பங்கைத் தனியே எடுத்து அனுப்பின. எல்லாவற்றையும் ஒன்றாய் அரைத்துக் கூழாக்கி, கனத்த ஈயக் கூண்டுக்குள் ஜெர்மேனியம் கருவியருகே பல மணி நேரம் வைத்தார்கள். கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய சக்தியுள்ள கதிரை வீசும். இரண்டு ஸ்வரம் கேட்டவுடனே ராகத்தைச் சொல்லிவிடும் ரஸிகரைப்போல், கருவி அதைக்கொண்டே பொருளின் பெயரைச் சொல்லிவிடும்.

வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். தொண்ணூறு வீட்டு உணவில் கிலோவுக்கு ஒரு பெக்கரல் சீஸியங்கூடக் காணவில்லை. மீதிப் பத்திலும் மிக அதிகமாய்க் கண்டது 12 பெக்கரலுக்குள்தான். பொது உணவுக்கு 500 என்றிருந்த சர்க்கார் வரம்போ, 2012 ஏப்ரலில் 100 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால் நூறு வீட்டு உணவிலும் தவறாமல் அகப்பட்டது வேறொன்று: பொட்டாசியம்-40! பூமி தோன்றிய நாள்தொட்டு மண்ணில் இருப்பது அது. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 15 பெக்கரல். வளர்ந்த மனிதன் உடம்பிலோ ஏறக்குறைய 4,000. இதற்காக யாரும் பழத்தை வெறுக்க வேண்டியதில்லை. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழித்துவிடும்.

காட்டுக் காளானும் காட்டுப்பன்றி இறைச்சியும் மட்டும் பல ஆண்டுகள் வரம்பை மீறியே வந்தன. வயலுக்கு மேல்மண்ணை மாற்றலாம். காட்டுக்கு யார் மாற்றுவது? சீஸியம்-137 பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும்.