இன்னும் இரண்டு பேர் ஏறலாம்

சித்தூர்க்காரர்களான நமக்குத் தண்ணீர் என்றாலே ஒரு குதூகலம். சித்தூரில் நீவா நதி, திருப்பதிப் பக்கம் சுவர்ணமுகி என்று பெயருக்கு நதிகள் இருக்கின்றன. ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அவற்றில் மணலைத்தான் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, சுற்றுலா போன இடத்தில் ஒரு படகைக் கண்டுவிட்டால் குழந்தைகளுக்கு முன்னால் பெரியவர்கள் ஓடுகிறோம்.

அப்படி ஓடியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2019 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. கோதாவரியில் பாபிகொண்டலு மலைகளைப் பார்க்கப் புறப்பட்ட 'ராயல் வசிஷ்டா' என்ற சுற்றுலாப் படகு, கச்சுலூரு அருகே நதியின் வளைவில் கவிழ்ந்தது. ஆறு வெள்ளப் பெருக்கில் இருந்த நேரம். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படகில் இருந்தார்கள். அவர்களில் 26 பேர்தான் கரை சேர்ந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியவர்கள் நாட்டுப் படகுகளில் விரைந்து வந்த அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள். மூழ்கிய படகை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தப் படகில் நம் திருப்பதியிலிருந்து போனவர்களும் இருந்தார்கள் என்று செய்தி வந்தபோது, ஊரே கலங்கியது நினைவிருக்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம்.

நம் அன்பர்கள் சிலர் குடும்பத்தோடு ஒரு பேருந்து பிடித்துச் சுற்றுலா போயிருந்தோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஓர் உப்பங்கழியில் படகுச் சவாரி. படகுக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நடையா போயிடலாம் சார். இவ்வளவு பேரை ஒரே தடவை ஏத்தக்கூடாது" என்றார். இருட்டுவதற்குள் ஸ்ரீகாளஹஸ்தி போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. இரண்டாவது நடைக்குத் தனியாகப் பணம் தர வேண்டுமே என்ற எண்ணமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. "பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள்தானப்பா, அவங்களை எல்லாம் கணக்குல சேர்க்காதே. இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் ஏற்றிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு மோட்டாரைக் கிளப்பினார். லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. வியர்வை நாற்றம் என்று யாரும் தொடவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். அன்று பணம் மிச்சம் பிடித்ததற்காக எனக்குப் பாராட்டும் கிடைத்தது. கச்சுலூருச் செய்தியைக் கேட்ட இரவில்தான், அந்தப் படகில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் முகமும் என் கண்முன் வந்து நின்றது.

இத்தகைய விபத்துகளுக்குக் கடலின் சீற்றத்தையும் ஆற்றின் கோபத்தையும் காரணம் சொல்வது நம் வழக்கம். நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு காரணங்கள் தெரிகின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அங்கே புயலும் இல்லை, அலையும் இல்லை. கரையில் விலங்குகளைக் கண்டதும் மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்ததாகச் சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலாப் போனவர்களில் 22 பேர் மாண்டார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீண்டும் 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் போனது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துப் பாருங்கள். அதன் கனம் முழுவதும் அடியில் இருக்கிறது. எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். அதன் தலையில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால் சாய்ந்த பொம்மை எழுந்திருக்காது. படகும் அப்படித்தான். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குப் பலம், மேல்தளத்தில் எழுந்து நிற்கும் கூட்டம் தலையில் கட்டிய கல். அந்தக் கூட்டமே வேடிக்கை பார்க்க ஒரு பக்கமாகச் சாய்ந்தால், படகோட்டியின் கையில் எதுவும் இல்லை.

பெரிய கப்பல்களுக்கும் இதே விதிதான். 2002 செப்டம்பர் 26 அன்று செனகல் நாட்டின் 'லெ ஜூலா' கப்பல் கவிழ்ந்து 1,860க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது அறுநூறு பேருக்கும் குறைவானவர்களுக்காகக் கட்டப்பட்ட கப்பல். அன்று ஏறியிருந்தவர்கள் ஏறத்தாழ 1,900 பேர்.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் உலக நாடுகள் கூடிக் கடற்பயணப் பாதுகாப்புக்கு ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் வழிவந்த ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது. நீங்களும் நானும் ஏறும் சிறு படகுகள் அதற்குள் வருவதில்லை. உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கு நம் நாட்டில் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக்கு மேல் இருந்தது. அதற்குப் பதிலாக 2021-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பதிவு, ஆய்வுச் சான்று, ஓட்டுநரின் தகுதி, உயிர்காப்புச் சாதனங்கள் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆனாலும் சட்டம் துறைமுகத்துக்கு வருவதுபோல் ஒவ்வொரு சிறு படகுத் துறைக்கும் வருவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் நிற்பவர்கள் இரண்டே பேர்: படகுக்காரரும் பயணியும். அன்று படகுக்காரர் சட்டத்தைச் சொன்னார், நான்தான் அதை மீறச் சொன்னேன்.

இது நமக்குத் தொலைவில் உள்ள விஷயமும் அல்ல. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. ஏழுமலையான் மாவட்டத்துக்கு இப்போது பழவேற்காடு ஏரியும் கடற்கரையும் சொந்தம். அந்த ஏரியில் உள்ள இறகம் தீவு மக்கள் பீமுலவாரிபாளையம் துறைக்குப் படகில் வந்து போகிறார்கள். நமக்குப் படகு ஒரு நாள் வேடிக்கை, அவர்களுக்கு அது அன்றாடப் போக்குவரத்து. பறவைகளைப் பார்க்க நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். குழந்தையும் ஓர் ஆள்தான். லைஃப் ஜாக்கெட்டை ஏறுவதற்கு முன் கரையிலேயே போட்டு வாரை இறுகக் கட்டுங்கள், இறங்கும்வரை கழற்றாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவு உதவாது, தோள் வழியே நழுவிவிடும். புகைப்படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகாதீர்கள். வெள்ளமோ பலத்த காற்றோ இருந்தால், பொழுது சாய்ந்துவிட்டால், ஏறவே வேண்டாம். ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கச்சுலூருவில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கே பல நாள் மாறிக்கொண்டிருந்தது.

திருமலையில் வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தில் நாம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். பெருமாளைப் பார்க்க அவ்வளவு பொறுமை காட்டும் நாம், அடுத்த படகுக்காக அரைமணி நேரம் பொறுக்க முடியாதா? மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னதை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! படகுத் துறையில் மட்டும் அது நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் ஒரு சுற்றுலா போகலாம் என்று அன்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு வழக்கு இந்த முறையும் என் தலையில்தான். பேருந்து, சாப்பாடு என்று செலவுக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியாக, படகின் இரண்டாவது நடைக்கான கட்டணத்தை எழுதி வைத்திருக்கிறேன்.