தெளிந்த நீரும் தூய நீரும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலையெனச் சங்க நூல்களால் அறியப்படுவது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர், பாறையிடுக்குகளிற் கசியும் ஊற்றுகளையும், ஐயாறு ஆகாயகங்கை அருவியாய் வீழ்தலையும் கண்டு மகிழ்வர். பளிங்கனைய அந்நீரைக் கையால் முகந்து பருகத் தோன்றும். ஆயினும், கண்ணுக்குத் தெளிவு வேறு. உடலுக்குத் தூய்மை வேறு. மலைச்சரிவிற் கிடக்கும் மனிதக் கழிவும் விலங்குக் கழிவும் மழையொடு கலந்து ஊற்றிற் சேருமாயின், வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல் முதலிய நோய்க்கிருமிகள் அத்தெளிந்த நீரிலேயே மறைந்திருக்கும். அவற்றால் மிகுதியும் நலிவுறுவோர் சிறு குழந்தைகளே.

நீரைக் காய்ச்சிப் பருகுதல் பழைய முறை. நல்ல முறையும் ஆகும். ஆனால், ஒரு குடும்பத்திற்கு வேண்டும் நீரை நாள்தோறும் காய்ச்சுவதற்கு எத்துணை விறகு வேண்டும்! அதனைச் சுமப்போர் பெரும்பாலும் பெண்டிர் அல்லரோ?

விறகின்றி ஒளியாலும் இப்பணியைச் செய்யலாம். கதிரவனொளி நுண்ணுயிர்களை ஒடுக்கும் என்பதனை 1877-இல் டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் வெளியிட்டனர். 1910-இல் பிரான்சு நாட்டு மார்சேல் நகரில், கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியைக் கொண்டு குடிநீரைத் தூய்மை செய்து பார்த்தனர். அவ்வொளி கிருமியின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் என்னும் கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணிப்புண்ட இழையைப் படியெடுக்க இயலாமையால் கிருமி பெருகாது; பெருகாத கிருமி நோய் செய்யாது. ஆதலின், இதனைக் கொல்லுதல் என்பதினும் மலடாக்குதல் என்பதே பொருந்தும்.

1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிற் காணப்பட்ட புதுவகைக் காலரா, 1993-இல் வங்காளத்திற் பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அதனைக் கண்டு உளம் வருந்திய அசோக் காட்கில் என்னும் இயற்பியலறிஞர், எளிய கருவியொன்றை அமைத்தார். அவர் மும்பையிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றியவர். அக்கருவியில் நீர் ஆழமின்றிப் பரந்தோடும். பாதரச ஆவி விளக்கு நீரைத் தொடாமல் அதன்மேல் தொங்கும். ஏறத்தாழ 40 வாட் மின்னாற்றலைக் கொண்டு நிமிடத்திற்கு 15 லிட்டர் நீரை அது தூய்மை செய்தது.

இன்று பாதரச விளக்கினிடத்தை எல்.இ.டி. விளக்குப் பற்றி வருகின்றது. நீலநிற எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் கையாண்ட காலியம் நைட்ரைடில் அலுமினியத்தைச் சேர்த்துப் புறஊதா எல்.இ.டி. ஆக்கப்படுகின்றது. அதில் நச்சுப் பாதரசம் இல்லை; கண்ணாடிக் குழல் உடையும் அச்சம் இல்லை; இயக்கியவுடன் முழுதும் ஒளிரும். சிறு சூரியத்தகடே அதற்குப் போதுமாதலால், மின்கம்பி எட்டாத மலைச் சிற்றூர்க்கும் ஏற்றது. எனினும், உட்கொள்ளும் மின்னாற்றலைப் பாதரச விளக்கைப்போல் ஒளியாக மாற்றும் திறன் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை; விலையும் மிகுதி.

மழைக்காலத்தில் ஓடைகள் கலங்கிச் செந்நீராகும். அப்பொழுது மண்துகள்களின் நிழலில் கிருமிகள் ஒளிக்குத் தப்பிவிடும். ஆகவே முதலில் வடிகட்டியே ஒளியூட்டல் வேண்டும். உப்பையும் புளோரைடையும் இவ்வொளி நீக்காது. மேலும், குளோரின் நீரிலே தங்கிக் காவல் புரியும். ஒளியோ அவ்வாறு தங்குவதன்று. தூய்மை செய்த நீரை மூடாத குடத்தில் வைத்து, அழுக்குக் கையால் முகந்தால், கிருமிகள் மீண்டும் அதிற் குடிபுகும்.