குதிரையின் தோலில் ஒரு கட்டி: வாங்கலாமா, விடலாமா?

இங்கிலாந்தில் இருக்கும் என் சாச்சியின் மகளுக்கு 14 வயது. சிறு வயதிலிருந்தே குதிரையேற்றம் பழகுகிறாள். சென்ற வருடம் அவளுக்கென்று ஒரு குதிரை வாங்கச் சாச்சா சம்மதித்தார். 7 வயதான செந்நிறப் பெண் குதிரை ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அதன் பின்தொடையின் உட்பக்கத்தில் நாணயமளவில் மயிரில்லாத ஒரு வட்டம் இருந்தது. "உரசிய தழும்புதான்" என்றார் விற்பவர். தங்கச்சி படமெடுத்து அனுப்பி, "ராத்தா, நீங்க பயோ படிக்கிறீங்கதானே, இது என்ன?" என்று கேட்டாள். நுவரெலியாவில் மட்டக்குதிரையில் ஒரு சுற்றுச் சுற்றியதோடு என் குதிரை அறிவு முடிந்துவிட்டது. ஆனாலும் தேடிப் படித்தேன்.

குதிரைகளின் தோலில் மிக அதிகமாகக் காணப்படும் கட்டிக்குச் சார்கொயிட் என்று பெயர். 1936இல் தென்னாபிரிக்காவில் ஜாக்சன் என்பவர் அதை விபரித்து எழுதினார். என்னை வியக்க வைத்தது அதன் காரணம். அதோடு தொடர்புடைய பப்பிலோமா வைரஸ் குதிரைக்குரியதே அல்ல, மாட்டுக்குரியது. மாட்டின் தோலில் பாலுண்ணி போலப் பருக்கள் வருவதை நம் ஊர்களிலும் காணலாம். அவை பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே மறைந்துவிடும். அதே வைரஸ் குதிரையின் தோலுக்குள் புகுந்தால் இலேசில் விடுவதில்லை. ஈக்கள் அதைக் காவிச் செல்வதாகச் சந்தேகிக்கிறார்கள். சார்கொயிட் உள்ளுறுப்புகளுக்குப் பரவுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் இருக்கும் இடத்திலேயே ஆழமாக வேரோடும், வெட்டி அகற்றினாலும் திரும்ப முளைக்கும்.

இதில் ஆறு வகைகள் உண்டு. ஒன்று படர்தாமரை போல் தட்டையாக இருக்கும், இன்னொன்று மரு போல் சொரசொரப்பாக இருக்கும், வேறொன்று தோலுக்கடியில் உருண்டையாகத் தட்டுப்படும், மற்றொன்று புண்ணாகி இரத்தம் கசியும். தட்டையான வகையைத் தழும்பு என்று நம்புவது எளிது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியாதிருக்கலாம்.

"அப்படியென்றால் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால் முடிந்ததே" என்றுதான் நானும் நினைத்தேன். சிக்கலே அங்குதான் இருக்கிறது. அமைதியாக இருக்கும் சார்கொயிட்டில் கத்தி பட்டால் அது சீறி எழுந்து வேகமாக வளரக்கூடும். ஆகவே பல மிருக வைத்தியர்கள் கண்ணாலும் அனுபவத்தாலும் ஊகித்துவிட்டு, தொடாமல் கவனிக்கச் சொல்கிறார்கள். மருந்துப் பூச்சு, உறையவைத்தல், லேசர், கதிர்ச் சிகிச்சை எனப் பல வழிகள் இருந்தாலும் எதுவும் நிச்சயமான தீர்வல்ல.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு வாங்கப் போனால் வாப்பா பல்லைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், விற்பவரின் முகத்தையும் பார்ப்பார். இங்கிலாந்தில் வாங்குபவரே காசு கொடுத்து ஒரு மிருக வைத்தியரை அழைத்துச் செல்கிறார். முழுப் பரிசோதனை ஐந்து கட்டங்களைக் கொண்டது. நிற்கவைத்துப் பார்ப்பார்கள், நடத்தியும் ஓட்டியும் பார்ப்பார்கள், வேலை கொடுத்து இளைப்பாறவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். கட்டி இருப்பதாக வைத்தியர் எழுதிவிட்டால், காப்புறுதி நிறுவனம் அந்த நோயை ஒப்பந்தத்திலிருந்து விலக்கிவிடக்கூடும். அப்புறம் சிகிச்சைச் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில்தான். பின்னர் விற்க நினைத்தாலும் விலை போகாது.

சாச்சா அழைத்துச் சென்ற வைத்தியர், தொடையில் இருந்தது சார்கொயிட்டாகவே இருக்கவேண்டும் என்றார். அந்த இடத்தில் சேணம் படாது, அது மட்டுமென்றால் யோசிக்கலாம் என்றும் சொன்னார். தங்கச்சிக்கு உயிர் வந்தது. பிறகு அவர் முன்னங்காலுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். சேணத்தின் வயிற்றுப்பட்டி இறுகும் இடத்திலேயே கடலையளவில் இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் பட்டி உரசினால் அது புண்ணாகாமல் இருக்குமா? சாச்சா வேண்டாம் என்றார். அவள் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை என்று சாச்சி சொன்னார். எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் சாச்சாவின் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

சாம்பல் நிறக் குதிரைகளின் கதை வேறு. அவை கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து, ஒரு பரம்பரையலகு மாற்றத்தால் வருடக்கணக்கில் வெளுத்துப் போகின்றன. சுவீடன் ஆய்வாளர்கள் 2008இல் அந்த மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். அதே மாற்றம்தான் மெலனோமா என்ற கரிய கட்டிகளையும் கொண்டுவருகிறது. 15 வயதைத் தாண்டிய சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றில், குறிப்பாக வாலுக்கடியில், அவை இருக்கும். பல வருடங்கள் மெதுவாக வளர்ந்துவிட்டுச் சில வேளைகளில் உள்ளே பரவும்.

இதைத் தங்கச்சிக்கும் எழுதி அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது: "ராத்தா, 9 வயதுச் சாம்பல் குதிரை ஒன்று பார்த்தோம். நான் முகத்தைக்கூடப் பார்க்கல்ல, முதல்ல வாலைத்தான் தூக்கிப் பார்த்தேன்."