நீருக்கு வழி, பூவுக்கு நிலம்

வண்டிப்பெரியாற்றைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளைத் தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் பசுந்தேயிலையன்றி வேறொன்றும் அங்கில்லை என்றே தோன்றும். அருகிற் சென்றாலோ வேறு காட்சியும் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள் சில மூடப்பட்டன. அத்தகைய தோட்டங்களில், பழுது பார்ப்பாரற்ற லயங்களின் முற்றங்களில், உடைந்த ஓடும் கண்ணாடித் துண்டும் அடுப்புச் சாம்பலும் குவிந்து கிடக்கும். எஞ்சிய இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய நிலத்தை அரசாங்கக் கோப்புகளில் 'தரிசு' என்று குறிப்பதுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அச்சொல்லோடு எனக்குச் சிறிது வழக்குண்டு. தரிசு என்பது உழாமல் விடப்பட்ட நிலம். ஓய்வினால் அது வளம் பெறவும் கூடும். நாம் இங்கே பேசுவது கெட்டுப்போன நிலத்தைப் பற்றி. இதனைச் சும்மா விட்டுவைத்தால் ஒவ்வொரு மழைக்கும் மேலும் கெடும்.

கெட்ட நிலம் பூங்காவான கதையைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவே போதிய சான்று. 1845-ஆம் ஆண்டு, அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா வசூலித்து, தங்களுக்குக் காய்கறி பயிரிட ஒரு தோட்டம் அமைத்தனர். அது நிலைக்கவில்லை. பின்னர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்கைவர் என்பார் 1848-இல் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா மலையின் அடிவாரச் சரிவில் அவருக்குக் கிடைத்த இடம் எத்தகையது? மேற்பகுதி செங்குத்தான காடு. கீழ்ப்பகுதி கால் புதையும் சதுப்பு. இடையிலே ஆழமான நீரோடைப் பள்ளங்கள். இன்று 55 ஏக்கர் பரப்பில் பசும்புல் விரிப்பாகக் காணும் அவ்விடத்தைச் சீர்ப்படுத்தப் பத்தாண்டுக்காலம் பிடித்தது. 1896 முதல் அங்கு மலர்க்காட்சி நடைபெற்று வருகிறது. காட்சிக்குச் செல்வோர் பாத்திகளின் வண்ணத்தில் மனம் பறிகொடுக்கின்றனர். நியாயந்தான். ஆனால் நீர் தேங்கும் சதுப்பிலும், நீர் அரிக்கும் சரிவிலும் பாத்தி நிற்காது. நீருக்கு வழி வகுத்த பிறகே அங்கே பூவுக்கு இடம் உண்டாயிற்று.

வண்டிப்பெரியாற்றிலும் முதல் வேலை இதுவே. தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் தாங்கும் ஊர் இது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் எத்தனையோ சரிவுகள் இடிந்து வீழ்ந்தன. செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவரின் மேலே நீரைத் தேங்கவிட்டால், மண் நனைந்து கனத்துச் சரிந்துவிடுகிறது. ஆகவே மேட்டுப்புறத்தில் ஒரு கான் வெட்டுதல் வேண்டும். நேரே கீழ்நோக்கி வெட்டினால் அதுவே நாளடைவில் பள்ளமாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறிய சாய்வோடு கொண்டுசென்று, கற்பாங்கான ஓடையில் சேர்ப்பதே முறை. கானின் கீழ்க்கரையில் வெட்டிவேர் நட்டால் அதன் ஆழ்ந்த வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். நீர் எவ்வளவு வடித்தும் ஈரமாகவே இருக்கும் மூலையைக் கல்வாழைக்கு ஒதுக்கிவிடலாம். அதற்கு அவ்வீரமே விருந்து.

அடுத்தது உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச் செடியாக அழைத்துவரப்பட்ட இவ்விருந்தாளி, இன்று இந்தியக் காடுகளுக்கே பகையாகி நிற்கிறது. பூவின் அழகை மட்டும் பார்த்து ஒரு செடியை ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. அரிவாளால் மேலே வெட்டுவதில் பயனில்லை, மீண்டும் தழைத்துவிடும். மண்ணுக்குச் சற்றுக் கீழே மூலவேரைத் துண்டித்து, காய் முற்றுமுன் அகற்றுதல் வேண்டும்.

இனி மண். கனடா நாட்டின் வான்கூவர் தீவில் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பெரும்பள்ளத்தை ஜென்னி புச்சார்ட் என்னும் அம்மையார் பூந்தோட்டமாக்கினார். 1921-இல் அது நிறைவெய்தியது. பக்கத்துப் பண்ணைகளிலிருந்து குதிரை வண்டிகளில் மேல்மண் வருவித்தார் அவர். கணவர் சிமெண்டுத் தொழில் அதிபர், செலவு தாங்கிற்று. லயத்து முற்றத்துக்கு அது ஆகிற காரியமன்று. கண்ணாடியையும் தகரத்தையும் பொறுக்கியபின், சருகு, சாணம், காய்கறித் தோல் ஆகியவற்றைக் குழியிலிட்டு மக்கவைத்து, மண்ணை அங்கேயே உண்டாக்குதல் வேண்டும்.

தேயிலை விளையும் மண் புளிப்பு மிக்கது என்பதை ஈண்டு மறத்தலாகாது. செண்டுமல்லி போன்றவை அவ்வளவு புளிப்பை விரும்புவதில்லை. விறகுச் சாம்பலைச் சிறிதளவு கலந்தால் புளிப்புத் தணியும். வேண்டாததென்று முற்றத்தில் கொட்டப்பட்ட சாம்பல் இப்போது சரக்காகிவிடுகிறது! ஆனால் ஹைட்ரேஞ்சியாச் செடிக்கு அருகே சாம்பலைக் கொண்டுசெல்லாதீர்கள். புளிப்பு மண்ணில் அலுமினியச் சத்து கரைந்து வேருக்குக் கிட்டுவதனால் அதன் பூ நீலமாகிறது; புளிப்புத் தணிந்தால் இளஞ்சிவப்பாகிவிடும்.

மற்றொரு கேள்வியை நேயர்கள் கேட்கக்கூடும். 'நிலம் எங்களுடையதன்று, நாளை வெளியேறச் சொன்னால் இவ்வளவு உழைப்பும் என்னாவது?' நியாயமான கேள்வி. உரிமை பற்றிய வழக்கைப் பூச்செடி தீர்க்காது. ஆயினும் செடிகளைத் தேரும்போது இதனையும் கருதலாம். விலை கொடுத்து வாங்கிய ஒட்டு ரோஜாவைவிட, கையோடு எடுத்துச் செல்லத்தக்கவை இங்கு ஏற்றவை. ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒரு தண்டுத் துண்டு போதும். டேலியாவையும் கல்வாழையையும் கிழங்காகவே பெயர்த்துச் செல்லலாம். காசித்தும்பைக்கு விதை, அதன் இனத்தைச் சேர்ந்த செடிகள் பல இம்மலைகளிலேயே பிறந்தவை. பெருமழை தணிந்தபின் விதைத்தால், காய்கள் முற்றும் பருவத்தில் மட்டும் கவனமாயிருத்தல் வேண்டும். கை பட்டவுடன் வெடித்து விதையைச் சிதறிவிடும். ஆதலின் காய் பருத்து வெளிறத் தொடங்கும்போதே உள்ளங்கையால் பொத்திப் பறித்து, நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் கட்டி வைத்துக்கொள்க.