கிடார் வாங்க வந்தவள் வாடிக்கையாளர் இல்லையா?

புடவைக் கடைக்குப் போனால் நமக்குக் கிடைக்கிற மரியாதையே தனி. "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்று ஸ்டூலைப் போடுவார்கள். குடிக்கத் தண்ணீர் வரும். எடுக்கப் போவது ஒரு புடவைதான் என்று தெரிந்தாலும் ஐம்பது புடவையைப் பிரித்துப் போடுவார்கள். பாத்திரக் கடையில் குக்கரைத் திறந்து மூடிக் காட்டுவார்கள். மிக்ஸி வாங்கினால் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்குவார்கள்.

ஆனால் சகோதரிகளே, பிள்ளைக்குக் கிடார் வாங்க வேண்டும் என்று இசைக்கருவிக் கடைக்குள் தனியாகப் போய்ப் பாருங்கள். அப்போது தெரியும் சேதி!

இப்போது எத்தனையோ பள்ளிகளில் கிடார் வகுப்பு வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு கற்றுக் கொடுக்கிறார்கள். பிள்ளை ஆசைப்படுகிறது, வகுப்பில் சேர்க்கிறோம். கருவி வாங்க அலைவது யார்? பெரும்பாலும் நாம்தான். அதனால் என் அனுபவத்தை எழுதினால் நாலு பேருக்கு உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

என் மகளுக்குப் பத்து வயது. கிடார் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரில் பெரிய கடை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் முழுக்கக் கிடார். சேல்ஸ்மேன் தம்பி என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "சார் வரலையாம்மா?" என்றார். சார் ஆபீஸுக்குப் போயிருக்கிறார், வாங்கப் போவது நான்தான் என்றேன். "பட்ஜெட் எவ்வளவும்மா?" அதுதான் அடுத்த கேள்வி. யாருக்கு, என்ன வயது, எங்கே கற்றுக்கொள்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் ஆசையாக ஒரு கிடார் மேல் கை வைத்தாள். "பாப்பா, தொடாதே!" என்று ஒரு அதட்டல். பிள்ளை சட்டென்று கையை இழுத்துக்கொண்டது. அந்த நேரம் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு விலை உயர்ந்த கிடாரை எடுத்துக் கொடுத்து, "வாசிச்சுப் பாருங்க ப்ரோ" என்று ஒரே உபசாரம். எங்களிடம் திரும்பி, "பொம்பளப் பிள்ளைக்குத்தானே, பிங்க் கலர்ல இருக்கு, பேக் பண்ணிடவா?" என்றார். பிரித்துக் காட்டுங்கள் என்றதற்கு, "பாக்ஸைப் பிரிக்க முடியாதும்மா. சுருதியெல்லாம் வாத்தியார் பாத்துக்குவார்" என்று பதில். கடைசியாக, "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்" என்றாரே பார்க்கலாம்! வேண்டாம் தம்பி என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், எதிர் வீட்டு மாமி சொன்ன ஒரு சின்னக் கடைக்குப் போனோம். வயலின், வீணை பழுது பார்க்கிற பெரியவர் ஒருவர் நடத்துகிறார். ஏ.சி. கிடையாது. பத்துப் பன்னிரண்டு கிடார் இருந்தால் அதிகம். அவர் முதலில் பேசியது என்னிடம் இல்லை, என் மகளிடம்!

"எந்தக் கையால எழுதுவே கண்ணு? என்ன பாட்டு வாசிக்கணும்னு ஆசை?"

அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கிடாரை மடியில் கொடுத்தார். வலது கை அதன் உடம்பைத் தாண்டி வர முடியாமல் தோள் தூக்கிக்கொண்டது. "இது பெரியவங்க சைஸ். இவளுக்கு முக்கால் சைஸ் போதும்மா" என்று வேறொன்றை எடுத்தார். அது விலையும் குறைவு. "விரல் பிஞ்சா இருக்கு, நைலான் தந்தி போட்டதே எடுத்துக்குங்க. ஸ்டீல் தந்தி முதல்ல வலிக்கும்" என்றார். ஆறு தந்திக்கும் சுருதி சேர்த்து, ஒவ்வொரு இடமாக அழுத்தி வாசித்துக் காட்டி, அப்புறம்தான் உறையில் போட்டார். "புதுத் தந்தி இழுபடும், சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். பிள்ளை பயந்துடப் போறா. பத்து நாள் கழிச்சுக் கொண்டு வாங்க, இன்னொரு தரம் பாத்துத் தரேன்" என்றார். பில்லும் கொடுத்தார்.

இதில் என்ன பெரிய விஷயம், மரியாதைக் குறைவைப் பெரிதுபடுத்துகிறாளே என்று சிலர் நினைக்கலாம். மரியாதை மட்டும் இல்லை தோழிகளே. என் நாத்தனார் மகன் கதையைக் கேளுங்கள்.

அவனுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடையில், பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்த கிடார்தான் அவனுக்கு வந்தது. இரண்டு மாதம் வாசித்தான். விரல் நுனியெல்லாம் கன்றிப் போய், ஸ்வரமும் சேராமல், "எனக்கு இதெல்லாம் வராது அத்தை" என்று விட்டுவிட்டான். கிடார் பரண் மேல் ஏறியது. வீட்டில் எல்லோரும், 'அவனுக்குப் பொறுமை இல்லை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் பெரியவரைப் பற்றிச் சொன்னதும் நாத்தனார் அதை எடுத்துக்கொண்டு போனார். பெரியவர் ஒரு பார்வைதான் பார்த்தார். "தந்தி இவ்வளவு உயரத்துல இருந்தா நானே அழுத்த முடியாதும்மா!" கழுத்துக்குள் இருக்கிற இரும்புத் தண்டைச் சாவியால் கொஞ்சம் திருகினார். தந்திகள் உட்காருகிற வெள்ளைப் பட்டையைக் கழற்றி அடிப்பக்கம் தேய்த்தார். ஒரு மணி நேர வேலை, நானூறு ரூபாய். பையன் இப்போது தினமும் வாசிக்கிறான். குறை கருவியில் இருந்தது. பழி பிள்ளை மேல் விழுந்தது. கடைக்காரர் அன்றே பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் ஒரு குழந்தை இரண்டு வருஷம் தன்னை மட்டமாக நினைத்திருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன், நமக்குக் கிடார் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கடையில் சிலவற்றைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

1. பிள்ளையை உட்கார வைத்து மடியில் கொடுத்துப் பாருங்கள். பொதுவாக எட்டிலிருந்து பதினொரு வயது வரை முக்கால் சைஸ், அதற்கு மேல் முழு சைஸ். வயதை விடக் கை எட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

2. வீணையில் மெட்டு என்போமே, அதுதான் கிடாரில் ஃபிரெட். 12-ஆவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஸ்டீல் தந்தி என்றால் சுமார் 2 முதல் 2.5 மில்லி மீட்டர், நைலான் என்றால் 3 முதல் 4. பையில் ஸ்கூல் ஸ்கேல் ஒன்று வைத்துக்கொண்டால் போதும். அதிகம் இருந்தால், "இறக்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

3. பாட்டு கற்றவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை. தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவது கீழ் ஸட்ஜமம் என்றால், 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும்போது சரியாக மேல் ஸட்ஜமம் வர வேண்டும். அபஸ்வரம் தட்டினால் வாங்காதீர்கள். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, மறுபடி வைத்துக்கொள்ளலாம். கிடாரில் மரத்திலேயே அடித்துவிடுகிறார்கள். நகர்த்த முடியாது.

4. ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்காவது 'ஜிர்ர்' என்று இரைந்தால் காரணம் கேளுங்கள். கழுத்தின் இரு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஃபிரெட் முனை விரலைக் கீறக் கூடாது.

5. நைலான் தந்திக்கென்று செய்த கிடாரில் ஸ்டீல் தந்தி போடவே கூடாது. ஸ்டீலின் இழுவிசை அதிகம். நாளடைவில் தந்தி கட்டிய இடம் பெயர்ந்து வந்துவிடும்.

6. வெயிலில் நிற்கும் காருக்குள் கிடாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சூட்டில் மரம் வளையும், பசை விடும்.

கம்ப்யூட்டரில் ஆர்டர் கொடுத்தால் விலை மலிவுதான். ஆனால் பிள்ளையை மடியில் வைத்துப் பார்க்க வழியில்லை. வந்த பிறகு யாராவது தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்க்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதன்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று போர்டு மாட்டியிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

கடைக்கார சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடாரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். தெரியாதவருக்கு எடுத்துச் சொல்வதுதானே வியாபாரம்? இன்று முக்கால் சைஸ் வாங்குகிற பிள்ளை நாலு வருஷத்தில் முழு சைஸ் கேட்கும். தந்தி, உறை, பழுது என்று வந்துகொண்டே இருக்கும். அப்போது எந்தக் கடைக்கு வருவது என்று முடிவு செய்யப் போவதும் நாங்கள்தான்.

தோழிகளே, உங்கள் ஊரிலும் அந்தப் பெரியவரைப் போல ஒருவர் ஏதாவது ஒரு சந்தில் கடை வைத்திருப்பார். விளம்பரம் கொடுக்க அவரிடம் காசு இருக்காது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லுங்கள். அதுதான் அவருக்கு விளம்பரம்!

- ஒரு வாசகி, மதுரை